தகரக் குடிலில் கழிந்த இரவு

இதை நான் யாரிடமாவது சொல்லத் தொடங்கினால் என் மனைவி எழுந்து போய்விடுவாள். நான் கட்டிவிட்ட கதையாக இருந்தால் அவள் ஏன் எழுந்து போக வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். இது நடந்தது. எங்கள் இருவருக்கும் நடந்தது.

என் பெயர் வானெஸ். பெல்ஜியத்தில், கெண்ட் நகரத்தில் டிராம் ஓட்டுகிறேன். மனைவி லீஸ்பெத்துக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் சோதிக்கும் வேலை. பேய், பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால், "முதல்ல அதோட ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்துட்டு வாங்க, சோதிச்சுச் சொல்றேன்" என்று வாயை அடைத்துவிடுவாள். அப்படிப்பட்டவள்.

கல்யாணமாகி எட்டு வருடம் நாங்கள் சேர்ந்து எங்கேயும் போனதில்லை. அந்த செப்டம்பரில் இருவருக்கும் ஒன்றாக நீண்ட விடுப்பு கிடைத்தது. பழைய முதுகுப் பைகள் இரண்டு வாங்கினோம். ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்லோவேனியா, இத்தாலி, அங்கிருந்து கப்பலில் கிரீஸ். பாதி ரயில், பாதி நடை. இதுதான் திட்டம்.

முதல் பத்து நாள் சந்தோஷமாகத்தான் போனது. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றே வயிற்றை நிரப்பினோம். சண்டையும் போட்டோம். ஆஸ்திரியாவில் ஓர் ஏரிக்கரையில் நான் அடித்த கூடாரம் நடுராத்திரி சரிந்து எங்கள் மேலேயே விழுந்தது.

"டிராமை மட்டும் ஒழுங்கா ஓட்டுடா, மகராசா" என்று போர்வைக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே சொன்னாள் லீஸ்பெத். "அதுக்காவது தண்டவாளம் இருக்கு."

அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்தது அதுதான் கடைசி.

ஸ்லோவேனியாவிலிருந்து இத்தாலிக்கு மலை வழியாக நடந்தே போவது என்று முடிவு செய்தோம். காலையில் வெயில் அடித்தது. மதியத்துக்குமேல் மூடுபனி இறங்கியது. கூடவே தூறல். கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. ஓரிடத்தில் பாதை குறுகி, பாறையில் அடித்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. இடது பக்கம் பள்ளம். லீஸ்பெத் முன்னால் போனாள். என் பையின் வார் அறுந்துவிட்டது. நின்று முடிச்சுப் போட்டேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். பிறகு கம்பியைப் பிடித்தபடி போய் அவளைச் சேர்ந்தேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது.

"எங்க போயிட்ட? தொண்டை கிழியக் கத்தினேன்!"

"வார் அறுந்துடுச்சு. ரெண்டு நிமிஷம்தானே?"

"ரெண்டு நிமிஷமா? அரை மணி நேரமா இங்க நிக்கிறேன், வானெஸ். கல்லு உருண்டு விழுந்த சத்தம் கேட்டுச்சு."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. அவள் கத்தியதும் கேட்கவில்லை. பனியில் நேரம் தெரியாது, பயத்தில் கூட்டிச் சொல்கிறாள் என்று நினைத்தேன்.

இருட்டும் நேரத்தில் குடிலைக் கண்டோம். சிவப்பு வண்ணம் அடித்த தகரக் குடில். அந்த மலைகளில் அப்படி உண்டு. காவலாள் கிடையாது. பூட்டு கிடையாது. யார் வேண்டுமானாலும் ஒதுங்கலாம். கதவைத் தள்ளினேன். எண்ணெய் காணாத கீல்... கிரீச்ச்ச் என்று மலையே கேட்கும்படி அலறியது.

உள்ளே ஆறு படுக்கைப் பலகைகள். கடைசிப் பலகையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

ஐம்பது வயது இருக்கும். பச்சைக் கம்பளிச் சட்டை. பை எதுவும் இல்லை. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வாங்க, வாங்க. நல்லா மாட்டிக்கிட்டீங்களா?" என்றார்.

எனக்கு உடம்பெல்லாம் குளிர் விட்டுப்போனது. ஏனென்றால் அவர் பேசியது கெண்ட் பேச்சு. ஊரைவிட்டு இவ்வளவு தூரத்தில், ஒரு மலை உச்சியில், எங்கள் தெருவில் பேசுகிற பேச்சு! இரண்டாம் பேச்சுக்கே அவர் எனக்குச் சொந்தக்காரர்போல் ஆகிவிட்டார்.

லீஸ்பெத்துக்கும் முதலில் சந்தோஷம்தான். சிரித்தாள். கை குலுக்கப் போனாள். அவர் கை நீட்டவில்லை.

மெழுகுவர்த்தி ஏற்றி, சின்ன அடுப்பில் சூப் வைத்தேன். அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினேன்.

"எனக்கு ஆச்சு தம்பி. நீங்க குடிங்க."

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். நாங்கள் தொப்பலாக நனைந்திருந்தோம். அவர் பூட்ஸில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. முன்னாலேயே வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. குளிரில் எங்கள் இருவர் வாயிலிருந்தும் புகைபோல மூச்சு வந்தது.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். அவர் வாயிலிருந்து வரவில்லை.

என்ன பேசினார்? சாதாரணப் பேச்சு. நாளைக்கு வானம் தெளிந்துவிடும் என்றார். கீழே கிராமத்தில் நல்ல காபி கிடைக்கும் என்றார். நான் "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் லீஸ்பெத் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். கோப்பையில் இருந்த சூப்பைக் குடிக்கவில்லை. என்னையே பார்த்தாள். மெல்ல நகர்ந்து எதிர்ப் பலகைக்குப் போய்விட்டாள். என்ன இவள், பெரியவர் பேசும்போது மரியாதை இல்லாமல் என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

"வீட்டுக்காரம்மா ரொம்ப வாடிப்போயிருக்காங்க" என்றார் அவர் என்னிடம். "உள்ள அடுப்புப் புகை. கொஞ்சம் வெளிய நின்னா தெளிஞ்சிடுவாங்க. போகச் சொல்லுங்க தம்பி."

நியாயமாகத்தான் பட்டது. அவளைப் பார்த்துச் சொன்னேன்.

"லீஸ், கொஞ்சம் வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாயேன்."

அவள் அதற்கு முன்னும் பின்னும் அப்படி என்னைப் பார்த்ததில்லை. அவள் கையிலிருந்த கோப்பை தவறி விழுந்தது.

"நான் போய்த் தண்ணி கொண்டாறேன்" என்று அவர் எழுந்தார். கையில் பாத்திரம் எதுவும் இல்லை. கதவைத் திறந்தார். போனார். கதவு மூடிக்கொண்டது.

கீல் சத்தம் போடவில்லை.

வெளியே சரளைக் கல். காலடிச் சத்தமும் இல்லை.

திரும்பினேன். லீஸ்பெத் சுவரோடு சுவராக நின்றிருந்தாள். ரொட்டி வெட்டும் கத்தி அவள் கையில். நுனி என் பக்கம்.

"கிட்ட வராத."

"லீஸ்... என்ன ஆச்சு?"

"நீ யாரு?"

சிரிக்கத்தான் பார்த்தேன். முடியவில்லை.

"அவரு சொன்னது உனக்கும் கேட்டுச்சுல்ல?" என்றாள். "உன் முன்னாடிதானே சொன்னாரு? நீ தலையை ஆட்டிக்கிட்டு உக்காந்திருந்தியே!"

"காபியைப் பத்திச் சொன்னாரு. வானம் தெளியும்னாரு. நம்ம கெண்ட் ஆளு, ஏதோ..."

"கெண்ட்டா?" என்றாள். "அவரு பேசினது லிம்பர்க் பேச்சு. எங்க அப்பா பேசுற பேச்சு."

லீஸ்பெத் பெல்ஜியத்தின் கிழக்கே, லிம்பர்க் பக்கத்துப் பெண். அங்கே பேச்சில் ஓர் இழுவை உண்டு. எட்டு வருடமாக நான் கிண்டல் செய்யும் இழுவை. அதை நான் தவறவிடவே மாட்டேன். அந்த மனிதரிடம் அது இல்லை. துளிகூட இல்லை.

ஒரே வாய். ஒரே நேரம். எனக்கு ஒன்று கேட்டிருக்கிறது. அவளுக்கு வேறொன்று.

"உங்கிட்ட என்ன சொன்னாரு?" என்றேன்.

அவள் அழுதுகொண்டே சொன்னாள்.

"நீ அந்தக் கம்பிகிட்டயே விழுந்துட்டன்னு சொன்னாரு. என்கூட வந்திருக்கிறது நீ இல்லன்னு சொன்னாரு. 'இப்ப அது உன்னை வெளிய போகச் சொல்லும், போயிடாதம்மா'ன்னாரு... உடனே நீ சொன்ன, வானெஸ். உடனே சொன்ன."

எதைச் சொன்னாலும் 'அது'வும் அப்படித்தானே சொல்லும்?

போய்க் கதவுக்குக் குறுக்குக் கட்டையைப் போட்டேன்.

"ஏன் பூட்டுற?" என்று அலறினாள்.

"அந்த ஆளு திரும்பி வரக் கூடாது. கத்தி உங்கிட்டயே இருக்கட்டும். நான் இந்த மூலையை விட்டு நகர மாட்டேன். விடியட்டும், லீஸ். வெளிச்சத்துல பார்த்துக்கலாம்."

நான் ஒரு மூலை. அவள் ஒரு மூலை. நடுவில் மெழுகுவர்த்தி. அது தீர்ந்ததும் டார்ச்.

பதினொன்று நாற்பது.

டக்... டக்... டக்.

கதவின் மேல்பக்கம். ஆள் உயரத்தில்.

"தம்பி... தண்ணி கொண்டாந்துட்டேன். திறங்க."

அதே கெண்ட் பேச்சு.

லீஸ்பெத் எழுந்தாள். காதுகளைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். கதவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி கதவைப் பார்த்தாள்.

டக்... டக்.

"குளிருது தம்பி..."

அவள் கதவருகே போனாள். குறுக்குக் கட்டையின்மேல் கை வைத்தாள்.

போய்த் தடுத்தால் கத்தி. தடுக்காவிட்டால்...

அவள் அப்படியே நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தோள்கள் குலுங்கின.

பிறகு கையை எடுத்துவிட்டாள். தன் மூலைக்குத் திரும்பினாள்.

டக்.

இப்போது சத்தம் இடுப்பு உயரத்தில் வந்தது.

பேச்சு நின்றுவிட்டது.

டக்...

இன்னும் கீழே. முழங்கால் உயரம்.

பிறகு நீண்ட நேரம் ஒன்றுமில்லை.

பிறகு...

கதவின் அடியில். தரையோடு. நகத்தால் சுரண்டுவதுபோல.

ஒரு தரம்.

அதோடு சரி.

விடிந்ததும் கதவைத் திறந்தேன். கிரீச்ச்ச். வெளியே பனி பெய்து எல்லாம் வெள்ளையாகிக் கிடந்தது. வானம் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தது. வாசலில் ஓரிடத்தில் மட்டும் பனி அழுந்திப் பள்ளமாகியிருந்தது. ஓர் ஆள் சுருண்டு படுக்கும் அளவுக்கு. அங்கே வந்த காலடியும் இல்லை. அங்கிருந்து போன காலடியும் இல்லை.

நாங்கள் இறங்கினோம். லீஸ்பெத் என்னை முன்னால் போகச் சொன்னாள். கத்தியை அவள் பைக்குள் வைக்கவில்லை.

கீழே இத்தாலியக் கிராமத்தில் ஒரே ஒரு காபிக்கடை. நடத்துகிற அம்மாவின் பெயர் நீவெஸ். ஜெர்மன் பேசினாள். எந்தப் பக்கமிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். சிவப்புக் குடிலில் தங்கினோம் என்றேன். பால் ஊற்றிக்கொண்டிருந்த கை நின்றது.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா இறங்கி வந்தீங்க?"

"ஆமா. ஏன்?"

சொல்லலாமா வேண்டாமா என்று எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பொண்ணு இதே மாதிரி காலையில வந்தா. போலந்துக்காரி. இந்த மேசையிலதான் உக்காந்தா. ரெண்டு காபி கேட்டா. 'வீட்டுக்காரர் பின்னாடி வந்துட்டிருக்காரு'ன்னா. மத்தியானம் வரைக்கும் யாரும் வரல. என் தம்பி மலை மீட்புக் குழுவுல இருக்கான். அவங்க மேல போய்ப் பார்த்தாங்க. அந்த ஆளு குடிலோட வாசல்ல, கதவுக்கு வெளிய, சுருண்டு விறைச்சுக் கிடந்தாரு. ராத்திரியே செத்துப்போயிட்டாருன்னு டாக்டர் சொன்னாரு."

"அந்தப் பொண்ணு கதவைத் திறக்கலையா?" என்றேன்.

"அதைத்தான் போலீஸ்காரங்களும் கேட்டாங்க. அவ சொன்னா... 'யாரோ ராத்திரியெல்லாம் கதவைத் தட்டினாங்க. பயந்துபோய் நாங்க திறக்கல. என் வீட்டுக்காரர் விடியுற வரைக்கும் என்கூட உள்ளதான் இருந்தாரு'ன்னு."

லீஸ்பெத் காபியைக் குடிக்காமலேயே எழுந்து வெளியே போனாள்.

கிரீஸுக்குப் போகவில்லை. அடுத்த ரயிலைப் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். அவள் வேலைக்குப் போனாள். நானும் போனேன். அந்த இரவைப் பற்றி இருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நான் நம்பினேன். ஒரே வீடு, ஒரே மேசை, ஒரே கட்டில். ஆனால் விளக்கை அணைக்க மட்டும் அவள் விடுவதில்லை.

போன குளிர்காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுப்படியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்ததோ, கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கதவு வரைக்கும் போனியே... தண்ணி கொண்டாந்தேன்னு அந்த ஆளு கூப்பிட்டதுக்கா போன?"

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எந்த ஆளு? அந்த ஆளு குரல் எனக்குக் கேக்கவே இல்லையே."

"பின்ன?"

"உன் குரல்தான் கேட்டுச்சு. 'லீஸ், நான்தான். கம்பிகிட்ட விழுந்துட்டேன். எப்படியோ ஏறி வந்துட்டேன். குளிருது, திற'ன்னு. கடைசி வரைக்கும் என் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டுச்சு."

அவள் கையிலிருந்த கத்தியைப் பார்த்தேன்.

"அப்புறம் ஏன் திறக்கல?"

"வெளிய இருக்கிறது நீயா, உள்ள இருக்கிறது நீயான்னு தெரியல. திறந்து பார்க்க தைரியம் வரல. அவ்வளவுதான்."

"இப்ப? இப்பத் தெரியும்ல, லீஸ்?"

அவள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அடுத்த கிழங்கை எடுத்துக்கொண்டாள்.

"இப்பப் பழகிப்போச்சு" என்றாள்.