விழவில்லை, இறங்கினேன்: மிரிக் ஏரியில் ஒரு காலை

நான் மிரிக் ஏரியில் விழவில்லை. இறங்கினேன். எழுபத்தோரு வயதில் தண்ணீரில் விழுந்து, டிரைவர் தூக்கிக்கொண்டு வந்ததாகக் கல்கத்தாவில் எங்கள் கரியாஹாட் காய்கறிக் கடை வரைக்கும் பேச்சு போயிருக்கிறது. டிரைவர் தூக்கி வந்தது என் ட்ரைபாடை. இந்தப் பேச்சினால் மார்ச் மாதப் பயணத்தில் எனக்கு இடம் உண்டா இல்லையா என்பதே சந்தேகமாகிவிட்டது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். மிரிக் போக நினைப்பவர்களுக்கும் உதவும்.

என் கணவர் இருந்தவரை எங்கள் வீட்டுப் படங்களில் நான் நடுவில் நிற்பவள். எடுப்பவர் அவர். அவர் போன பிறகு எஸ்பிளனேடில் ஒரு கடையில் டிஜிட்டல் கேமரா வாங்கினேன். இப்போது நான் எந்தப் படத்திலும் இல்லை, ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் பிமல் என்று ஒருவர், ஓய்வு பெற்றவர், கேமரா வைத்திருக்கும் ஏழெட்டுப் பேரை வருடத்துக்கு இரண்டு முறை எங்காவது அழைத்துப் போவார். இந்த முறை மிரிக். காளி பூஜை முடிந்த வாரம் கிளம்பினோம். மழை கழுவிவிட்ட ஆகாயம், குளிர்காலத்து மூட்டம் இன்னும் வராத நாட்கள். படம் எடுக்க அதைவிட நல்ல சமயம் கிடையாது.

சியால்டாவில் இரவு பத்து ஐந்துக்கு டார்ஜிலிங் மெயில். கீழ் பெர்த் கேட்டு வாங்கினேன். வயதுக்காக அல்ல, கேமராப் பை தலைமாட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக. காலையில் நியூ ஜல்பாய்குரி. அங்கிருந்து மிரிக் சுமார் அறுபது கிலோமீட்டர். ஜீப் பேசி வைத்திருந்தோம், ஆளுக்கு நூற்றைம்பது ரூபாய். பங்கு ஜீப்பில் போனால் பாதிதான் ஆகும், ஆனால் மடியில் அடுத்தவர் கோழி இருக்கக்கூடும்.

துதியாவில் ஆற்றுப் பாலம் தாண்டியதும் மலை ஏறத் தொடங்குகிறது. இரண்டு பக்கமும் தேயிலை. சாலையோரம் கூடை கூடையாக ஆரஞ்சு. டிரைவர் பூர்ணா நேபாளி, நாற்பது வயது இருக்கும். "இன்னும் தூரமா?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"ஆமா, பஸ், ஆகயா" என்றார்.

தூரம் என்று ஒப்புக்கொள்கிறார், அவ்வளவுதான், வந்துவிட்டது என்றும் சொல்கிறார். "ஆரஞ்சு புளிக்குமா?" என்றேன். "ஆமா, பஹுத் மீட்டா." புளிக்கும், ரொம்ப இனிப்பு! எனக்குக் கோபம் வந்துவிட்டது. பிமலுக்கு நான் மாஷிமா, அதாவது பெரியம்மா. அவர்தான் சிரித்துக்கொண்டே சொன்னார். "மாஷிமா, ஆமா மானே மா." நேபாளியில் ஆமா என்றால் அம்மா. அந்த மனிதர் என்னை அரைமணி நேரமாக அம்மா என்று அழைத்துக்கொண்டிருக்க, நான் அவரிடம் சண்டைக்குத் தயாராகிக்கொண்டிருந்தேன். ஆரஞ்சு உண்மையிலேயே இனிப்பு.

ஏரிக்கு எதிரே ஒரு விடுதியில் தங்கினோம். இரண்டு பேர் அறை நாளுக்கு ஐந்நூறு ரூபாய், வெந்நீர் வாளிக்குத் தனிக் கணக்கு. ஏரி ஒன்றேகால் கிலோமீட்டர் நீளம். அக்கரையில் தூபி என்கிற ஊசியிலை மரங்களின் காடு, ஒவ்வொரு மரமும் அளவெடுத்து நட்டது போல நேராக, கறுப்பாக நிற்கும். நடுவில் வளைந்த நடைபாலம். மத்தியானம் போனால் குதிரைச் சவாரி, பெடல் படகு, பிக்னிக் கூட்டம். முதல் நாள் நான் எடுத்த எல்லாப் படத்திலும் ஒரு மஞ்சள் படகு வந்து உட்கார்ந்திருந்தது. மறுநாள் பூர்ணாவின் ஜீப்பிலேயே ராமிதே தாரா என்ற மலைமுனைக்குப் போய்க் காஞ்சன்ஜங்காவைப் பார்த்தோம். அழகுதான். ஆனால் அதை எல்லோரும் எடுத்துவிட்டார்கள். எனக்கு வேண்டியது ஏரிக்குள் தலைகீழாக நிற்கும் அந்தக் காடு.

கடைசி நாள் காலை விடியும் முன்பே எல்லோரும் ஏரிக்கு வந்தோம். காற்று இல்லை. தண்ணீர் அசையவில்லை. மற்றவர்கள் பாலத்தின் மேல் இடம் பிடித்தார்கள். நான் கரையோரமாக நடந்தேன், பூர்ணா ட்ரைபாடோடு கூட வந்தார். எங்கே நின்றாலும் கட்டிப்போட்ட படகு ஒன்று குறுக்கே வந்தது. இரண்டு எட்டு தண்ணீருக்குள் போனால் படகு விலகிவிடும், கேமராவையும் தாழ்வாக வைக்கலாம். தாழ்வாக வைத்தால்தான் மரம் முழுசாகத் தலைகீழாகத் தெரியும்.

கான்வாஸ் ஷூவைக் கழற்றினேன். சாக்ஸை மடித்து அதற்குள் வைத்தேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டேன். விழுகிறவள் சாக்ஸை மடித்து வைப்பாளா?

பூர்ணா பதறினார். "ஆமா! ஆமா!"

அதற்கு என்ன அர்த்தம் என்று அப்போது எனக்கு நன்றாகத் தெரியும். இருந்தாலும் தமிழ்க் காதுக்கு அது அனுமதி. எடுத்துக்கொண்டேன்.

ட்ரைபாட் காலால் தரையைக் குத்திப் பார்த்தேன். கூழாங்கல், கெட்டியான தரை. கால் வைத்ததும் கத்தினேன், அதை மறுக்கவில்லை. குளிர் அப்படி. பயத்தில் கத்தியதல்ல, சிறு பெண்கள் குழாயடியில் கத்துவது போல.

என்ன செய்கிறீர்கள் என்று பாலத்திலிருந்து பிமல் கூவினார். "மாஷிமா! கீ கோர்சேன்?"

"சுப் கொரோ பிமல், ஜொல் நோர்சே!" சும்மா இரு, தண்ணீர் ஆடுகிறது என்றேன்.

நான் இறங்கியதால் எழுந்த வளையங்கள் ஒவ்வொன்றாக விரிந்து அக்கரைப் பக்கம் போயின. பாதிக் கால் தண்ணீரில், மூச்சைக் கூடப் பார்த்து விட்டுக்கொண்டு அசையாமல் நின்றேன். வளையங்கள் அடங்கின. தண்ணீர் மேல் கிடந்த காலைப் பனி நடுவில் பிரிந்தது. மேலே ஒரு காடு, கீழே ஒரு காடு, இடையில் நூல் போல ஒரு கோடு. ஒரு வெள்ளைக் குதிரை அக்கரையில் வந்து நின்று, தன்னையே பார்த்தது. அழுத்தினேன். பத்து நிமிஷத்தில் காற்று வந்து எல்லாவற்றையும் கலைத்துவிட்டது. அதற்குள் கரையேறி, பூர்ணா வாங்கி வந்த டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். "ஆமா பாகல்" என்றார் அவர். அம்மா ஒரு பைத்தியம்! இந்த முறை ஒப்புக்கொண்டேன்.

இனி, விழுந்த கதை. கல்கத்தா திரும்பியதும் பிமல் என் பெட்டியை மாடிவரை கொண்டுவந்தார். எதிர்வீட்டுச் சங்கரி வாசலில் நின்றாள். அவள் கணவருக்கு ரயில்வே ஆபீஸில் வேலை, திருநெல்வேலியிலிருந்து வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிமல் அவளிடம் பெருமையாகச் சொன்னார். "மாஷிமா தோ ஜொலே நேமே பொர்லேன்!" ஜொலே, தண்ணீரில். நேமே, இறங்கி. பொர்லேன் என்றால் தனியாக நிற்கும்போது விழுந்தார். இன்னொரு வினையின் பின்னால் ஒட்டினால் அதற்கு விழும் வேலை இல்லை. நாம் 'இறங்கிவிட்டாள்' என்கிறோமே, எதை விட்டாள் என்று யாராவது கேட்கிறோமா? சங்கரி தண்ணீரையும் விழுந்ததையும் பிடித்துக்கொண்டாள், நடுவில் இருந்த சொல் தப்பிவிட்டது. நான் குளித்து வருவதற்குள் சென்னையில் என் மகன் சேகருக்குப் போன் போய்விட்டது.

"மதினி, ஏரியில விழுந்துட்டியளாமே! முழங்கால்ல அடி ஒண்ணும் இல்லையே?"

"விழல சங்கரி. நானா எறங்குனேன்."

"எங்க அத்தையும் இப்பிடித்தான். கீழ கெடந்துக்கிட்டே, சும்மா உக்காந்திருக்கேன்ம்பாவ."

நல்ல பெண். அன்றைக்கு ரசம் கொண்டுவந்து வைத்தாள். என்ன செய்வது!

சேகர் நான் சொல்வதைக் கேட்கவில்லை. "விழுந்தவங்க யாரும்மா விழுந்தேன்னு சொல்லுவாங்க?" என்றான். பிமலுக்கே போன் செய்து, இனி அம்மாவை அழைத்துப் போக வேண்டாம் என்றும் சொல்லிவிட்டான். பிமல் சங்கடப்படுகிறார். மார்ச்சில் சிக்கிமில் கெச்சியோபால்ரி ஏரிக்குப் போகிறார்கள். மகன் சம்மதம் என்று எழுதினால் என் இடம் எனக்கு, இல்லையென்றால் வேறொருவருக்கு என்கிறார்.

போகிறவர்களுக்கு: நவம்பரில் போங்கள். இரண்டு இரவாவது தங்குங்கள், முதல் நாள் ஏரி சத்தம்தான் கொடுக்கும். படம் வேண்டுமென்றால் சூரியனுக்கு முன் எழுந்திருங்கள். துண்டு ஒன்று, மாற்று சாக்ஸ் ஒரு ஜோடி. கரை எல்லா இடத்திலும் கெட்டி இல்லை, குத்திப் பார்க்காமல் இறங்காதீர்கள்.

சேகர், நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். கீழே அந்தப் படத்தைப் போட்டிருக்கிறேன். பெரிதாக்கிப் பார். தண்ணீரில் ஒரு வளையம் கூட இல்லை. விழுந்தவள் எடுத்த படமா அது? கெச்சியோபால்ரி புனிதமான ஏரி, அதில் யாரும் கால் வைக்கக் கூடாது. நானும் வைக்கமாட்டேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. பிமலிடம் நீ சொன்னதைத் திரும்பப் பெறச் சொல்கிறேன். போனில் வேண்டாம், போனில் சொன்ன சொல் என்ன ஆகும் என்று பார்த்துவிட்டோம். அவருக்கு இரண்டு வரி எழுது, எனக்கு ஒரு நகல் அனுப்பு. உன் பதிலை எழுத்தில் எதிர்பார்க்கிறேன்.