பத்திரிகையில் இருந்த மாப்பிள்ளை

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்பார்கள். எங்கள் வீட்டில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார்கள். எட்டு வருஷம் கழித்து அந்த ஒன்றே வந்து என் கழுத்தைப் பிடித்தது.

மாவட்டம் புதிதாகப் பிரிந்த காலம் அது. வேங்கிக்காலில் ரோட்டோரமாக ஒரு தகர ஷெட்டில் டைப்ரைட்டர் போட்டு உட்கார்ந்திருந்தேன். பட்டா மாற்றம், முதியோர் பென்ஷன், தெருவிளக்கு என்று ஊர் ஜனங்களுக்கெல்லாம் மனு அடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. அங்கேதான் இவர் வந்தார். சுவீடன்காரர். கிராமங்களில் கைப்பம்பு ரிப்பேர் செய்து தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை. பம்புக்குச் சாமான் வரவில்லை என்று கலெக்டருக்கு மனு வேண்டும் என்றார். தமிழைப் பம்பு ஃபிட்டர்களிடம் கற்றுக்கொண்டிருந்ததால் நடு நடுவே கெட்ட வார்த்தை வரும், அது கெட்ட வார்த்தை என்றே அவருக்குத் தெரியாது. அதையெல்லாம் அடித்தால் கலெக்டர் உங்களை உள்ளே போட்டுவிடுவார் என்றேன். சிரித்தார். அந்த மனுவுக்குப் பிறகு அவருக்கு வாரம் ஒரு மனு தேவைப்பட்டது.

கல்யாணப் பேச்சு வந்தபோது அப்பாவுக்கு அவர் வெள்ளைக்காரர் என்பதுகூடப் பெரிதாகப் படவில்லை. "சாதிசனம் வந்து இன்னா முறைனு கேட்டா இன்னா சொல்றது?" என்பதுதான் அவர் கவலை. மாமன் மகனா, அத்தை மகனா, ஏதாவது ஒன்று சொல்ல வேண்டுமே.

அத்தைதான் வழி சொன்னாள். அப்பாவின் அக்கா. அடி அண்ணாமலையில் வீடு, கொஞ்சம் நிலம். குழந்தை இல்லை. "எனக்குப் புள்ளையா குடுத்துடு. என் புள்ளைக்கு உன் பொண்ணு முறைதானே?" என்றாள். அதோடு பேச்சு முடிந்தது. ஒரு நல்ல நாளில் அவரை உட்கார வைத்து, தலையில் தண்ணீர் ஊற்றி, புது வேட்டி கட்டி, பாலும் பழமும் ஊட்டினார்கள். மலையின் பெயரையே வைத்தார்கள். இந்த ஊரில் பாதி ஆம்பிளைகளுக்கு அந்தப் பெயர்தான். ஆறடிக்கு மேல் வளர்ந்த மனுஷன் அத்தையின் முன்னால் சம்மணம் போட்டு வாயைத் திறந்து வாழைப்பழம் வாங்கிக்கொண்டதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும், கண்ணும் கலங்கும்.

அச்சகத்தில் மாப்பிள்ளைக்குத் திருவளர்செல்வனா, திருநிறைசெல்வனா என்று கேட்டார்கள். பின்னால் கட்டிக்கொடுக்கத் தம்பி தங்கை இருந்தால்தான் திருவளர். ஒற்றைப் பிள்ளை என்றால் திருநிறை என்று போடுவதுதான் வழக்கம். "திருவளர்னே போடு" என்றாள் அத்தை. அவளிடம் யாரும் எதிர்ப்பேச்சு பேசவில்லை. அப்படியே அச்சாயிற்று. மாமாவும் அத்தையும் பெற்ற குமாரன், மலையின் பெயர், மாமா வகையறாவின் பெயர் எல்லாம் மஞ்சள் அட்டையில் வந்தது.

ஊருக்கே விஷயம் தெரியும். தெரிந்தே வந்தார்கள், மொய் எழுதினார்கள், சாப்பிட்டார்கள். அத்தைக்கு மட்டும் அது வேறு விதமான நாள். அதுவரை எந்தக் கல்யாணத்திலும் நலங்கு வைக்க அவளை முதலில் கூப்பிட்டவர்கள் இல்லை. வாய்விட்டு யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், அவளாகவே தூண் ஓரம் போய் நின்றுகொள்வாள். எங்கள் கல்யாணத்தில் அவள் மாப்பிள்ளைக்கு அம்மா. பட்டுப் புடவையில் வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்று கூப்பிட்டதில் மறுநாள் அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

ரிஜிஸ்தர் பண்ண வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தாலி கட்டியாச்சு, ஊர் சாப்பிட்டாச்சு, இதற்கு மேல் சர்க்காருக்கு என்ன காட்டுவது? ஊருக்கெல்லாம் மனு அடித்தவள் எனக்கென்று ஒரு காகிதம் வாங்கவில்லை. அத்தை வீட்டிலேயே குடியிருந்தோம். மாமா ரேஷன் கார்டு மாற்றியபோது மகன், மருமகள் என்று எங்கள் இரண்டு பேரையும் ஏற்றிவிட்டார். பத்திரிகையில் மட்டும் இருந்த ஆள் அதற்குப் பிறகு சர்க்கரையும் வாங்க ஆரம்பித்தார்.

தொண்ணூற்றேழில் அவருக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. பம்புக் குழாயைக் கிணற்றுக்குள்ளிருந்து ஒற்றை ஆளாக இழுக்கிறவர், மலை சுற்றும் ரோட்டில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, மாற்றிய பிறகும் ஆயுசுக்கும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் உண்டு என்றார் டாக்டர். அவ்வளவு செலவுக்கு எங்களிடம் வழியில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் ஜன்னலோரம் தூங்கிவிட்டார். அவர் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவ்வளவு பயம் அதற்கு முன்னால் நான் பட்டதில்லை.

அவருடைய அக்கா சுவீடனிலிருந்து எல்லாவற்றையும் விசாரித்து எழுதினார். இவர் ஊர் திரும்பிக் குடியிருப்புக் கணக்கில் பெயரைப் பதிந்துவிட்டால் வைத்தியம் முழுக்க அரசாங்கத்தின் பாடு. மனைவியும் கூடவே வந்து குடியிருக்கலாம், அவளுக்கும் அதே பாதுகாப்பு உண்டு. ஆனால் கிளம்புவதற்கு முன்பே டெல்லித் தூதரகம் மூலம் அனுமதி வாங்க வேண்டும். அதற்குக் கல்யாணப் பதிவுச் சான்றிதழ் வேண்டும். அது இல்லாவிட்டால் நான் சுற்றிப் பார்க்க வந்தவள் மாதிரி தனியாக இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு போய், கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் திரும்பிவிட வேண்டியதுதான்.

நீங்கள் முதலில் போங்கள், நான் காகிதத்தை வாங்கிக்கொண்டு வருகிறேன் என்றேன். கெஞ்சினேன், கத்தினேன், சோறு போடமாட்டேன் என்றுகூடச் சொன்னேன். கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"மயக்கம் தெளிஞ்சி கண்ணத் தொறந்தா நீ இருக்கணும். இல்லன்னா நான் போவல" என்றார்.

அப்படிப்பட்ட மனுஷனை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பத்திரிகையையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போனோம்.

அதிகாரி நல்ல மனுஷன்தான். பத்திரிகையைப் படித்தார். பாஸ்போர்ட்டைப் படித்தார். மறுபடியும் பத்திரிகையைப் படித்தார். "இதுல இருக்கிற மாப்பிள்ளை எங்கம்மா?" என்றார். இவர்தாங்க என்றேன். பெயர் வேறு, அப்பா வேறு, அம்மா வேறு, பிறந்த ஊர் வேறு. ரேஷன் கார்டைப் பார்த்ததும் அவர் முகம் இன்னும் மாறியது. காகிதப்படி நான் ஏற்கெனவே வேறொருத்தருக்குப் பெண்டாட்டி, அந்த ஆள் இருக்கும்போது இவரோடு எப்படிப் பதிவு செய்வது என்றார். இரண்டு பேரும் ஒருவர்தான் என்று நிரூபிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஆள் இப்போது இல்லை என்று நிரூபிக்க வேண்டும். எப்படி நிரூபிப்பது என்றும் விளக்கிச் சொன்னார். அதைக் கேட்டதும் காகிதங்களை வாரிப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் பத்திரம் எழுதுகிறவர் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இதுக்குப் போய் ஏம்மா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிற என்று ஆரம்பித்தார். ஊரில் சொல்லி அந்த ஆள் இறந்துவிட்டதாக ஒரு சர்டிபிகேட் வாங்கிவிட்டால், நான் விதவை, இவரை மறுமணம் செய்துகொள்ளலாம், சுலபம் என்றார்.

பக்கத்தில் இவர் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. உன் வாயில மண்ணப் போட, என் புருஷனைச் சாவடிக்கவா உன்கிட்ட வந்தேன் என்று ஆபீஸ் வாசலென்றும் பார்க்காமல் பிடிபிடியென்று பிடித்துவிட்டேன். பத்திரம் எழுதுகிறவர் குடையை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டார். இவருக்கு விஷயம் புரிந்ததும் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவும் அன்று சாயங்காலம், "பேப்பர்லதானே, இன்னா ஆயிடப்போவுது?" என்றார். அவர் வீட்டில் காப்பிகூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அத்தை கூடத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். "ஆபீசர் இன்னொரு வழி இருக்குனு சொன்னாராமே. அது இன்னா?" என்றாள்.

சொல்லாமல் மழுப்பிப் பார்த்தேன். அத்தையிடம் அது நடக்குமா? கடைசியில் சொன்னேன். பத்திரிகையில் அம்மா என்று போட்டிருப்பவள் நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். இவர் நான் பெற்ற பிள்ளை இல்லை, எனக்குப் பிள்ளையே கிடையாது, சடங்குக்காக என் மகன் என்று போட்டோம், பத்திரிகையில் உள்ளவரும் இந்த வெளிநாட்டுக்காரரும் ஒருவரே என்று.

அத்தை உரிப்பதை நிறுத்தவில்லை. முறத்தில் ஒரு கை வேர்க்கடலைப் பருப்பு சேர்ந்ததும் அதை ஒதுக்கி வைத்தாள்.

"நெசத்தத்தானே கேக்கறாங்க. எழுதிக் குடுத்துடலாம். அவன் பொழைக்கணும்" என்றாள்.

அந்த வாக்குமூலத்தை நான்தான் டைப் அடித்தேன். வேறு யாரிடமாவது கொடுத்திருக்கலாம், மனசு வரவில்லை. எத்தனையோ பேருடைய சண்டையை, பாகப்பிரிவினையை, சாவை அடித்த விரல்கள்தான். 'எனக்கு மக்கட்பேறு இல்லை' என்ற வரியில் நின்றுவிட்டன. அத்தை பின்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அடிச்சிட்டியா என்று கேட்டாள். அடிச்சிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு அதற்குப் பிறகுதான் அடித்தேன்.

நோட்டரி வக்கீல் முறைப்படி முழுவதையும் அவளுக்குப் படித்துக் காட்டினார். அத்தை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள். பேனாவை வாங்கிக்கொண்டு, போடாமல், வக்கீலைப் பார்த்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டுட்டா, அப்புறம் அவன் என்னை அம்மானு கூப்புடக் கூடாதுங்களா?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கூப்பிடலாம்மா. அதைத் தடுக்கச் சட்டம் கிடையாது" என்றார்.

அத்தை எழுத்துக் கூட்டிப் பெயரைப் போட்டாள். ஒவ்வொரு எழுத்துக்கும் பேனாவைத் தூக்கித் தூக்கி வைத்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவர்தான் குனிந்து அவள் கையைப் பிடித்து எழுப்பினார். "அம்மா, வாங்க, டீ குடிக்கலாம்" என்றார்.

அப்புறம் எங்கள் பெயரை நோட்டீஸ் போர்டில் ஒரு மாதம் ஒட்டி வைத்தார்கள், யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம் என்று. எட்டு வருஷம் குடித்தனம் நடத்தியவர்களுக்கு! டவுனுக்கு வந்த அடி அண்ணாமலைக்காரர்களெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டு அதையும் பார்த்துவிட்டுப் போனார்கள். எங்களுக்கு ஆட்சேபணை இருக்குது, இந்தத் தடவை சாப்பாடு போடலியே என்று வீட்டுக்கு வந்தே கேலி செய்தார்கள். கடைசியில் சான்றிதழ் வந்தது. டெல்லிக்குப் போனது. எக்ஸ்ரே, ரத்தம், இன்னும் என்னென்னவோ கேட்டார்கள். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிக்கு அத்தாட்சி கேட்டபோது என்னிடம் காகிதம் ஏது? ஜாக்கெட் கையைத் தூக்கி அம்மை குத்திய தழும்பைக் காட்டினேன். டாக்டர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அந்த மாதங்களில் இவர் படி ஏறும்போதெல்லாம் நான் பின்னாலேயே ஏறுவேன், விழுந்தால் தாங்கிக்கொள்கிற மாதிரி. அவர் உடம்புக்கு நான் எம்மாத்திரம்!

அனுமதி வந்ததும் கிளம்பினோம். அத்தை பஸ் ஸ்டாண்டு வரை வந்தாள், அழவில்லை. குளிர் ஊர், காதைக் கட்டிக்கோ என்று மட்டும் அவரிடம் சொன்னாள்.

அங்கே என் பெயரும் கணக்கில் ஏறி, என் கையிலும் ஒரு அட்டை வந்தது. ஆபரேஷனுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று, ஏதாவது ஆனால் யாருக்கெல்லாம் தகவல் சொல்ல வேண்டும் என்று நர்ஸ் கேட்டாள். மனைவி என்றார். அக்கா என்றார். அடுத்தது அம்மா என்றார். பக்கத்தில் இருந்த அவர் அக்கா திகைத்துப்போய் அம்மா இறந்து எத்தனை வருஷம் ஆகிறது என்றார். இவர் அடி அண்ணாமலை டெலிபோன் பூத்தின் நம்பரை ஒவ்வொன்றாகச் சொன்னார். நர்ஸ் எழுதிக்கொண்டாள். அவள் எந்த வாக்குமூலமும் கேட்கவில்லை.

அவர் கண் திறந்தபோது நான் இருந்தேன். பேச முடியாமல் என் விரலை மட்டும் பிடித்துக்கொண்டார். அன்றே பூத்துக்குப் போன் போட்டு, நல்லா இருக்காரு அத்தை என்றேன். சரி என்று வைத்துவிட்டாள், நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து அவருக்குக் குரல் வந்ததும் மறுபடி கூப்பிட்டோம். அத்தையைக் கூட்டி வர ஆள் ஓடியது. ரிசீவரை இரண்டு பேருமாகக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். அவள் மூச்சு வாங்க வந்து ஹலோ என்றாள்.

"அம்மா" என்றார். காற்றுப் போன குரல். அதற்கு மேல் வரவில்லை.

அந்தப் பக்கம் பூத்தில் ஒரே பேச்சுச் சத்தம். அப்புறம் அத்தை எங்களிடம் இல்லை, பூத்தில் நின்றவர்களிடம் சொன்னது கேட்டது.

"செத்த நேரம் சும்மா இருங்க எல்லாரும். என் புள்ள பேசறான்."