ஒரு பட்டை விடணும்

1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. அதன் இரண்டாம் நாள், வெள்ளிக்கிழமை மதியம், காதர் பாயின் ஜீப் முன்சக்கரங்கள் உறும, கள்ளக்குறிச்சியில் நான் வேலை பார்த்த ஷெட்டுக்குள் வந்து நின்றது. ஊரில் வேறு வண்டி ஓடவில்லை. சாலைகளில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். பாய் வயல் வழியாக வந்திருந்தார்.

பாய் மலையில் புளியும் கடுக்காயும் வாங்கிக் கீழே கொண்டுவந்து விற்பவர். ஜீப் மிலிட்டரி ஏலத்தில் எடுத்தது. டேஷ்போர்டுத் தகட்டில் 1944 என்று பொறித்திருக்கும். என்னைவிடப் பதினாறு வயது மூத்தது.

"அரிசி லோடு இருக்குது தம்பி, மேல ஆஸ்டல் புள்ளைங்களுக்கு. பேரிங்க மாத்திக் குடு, நாளைக்கி ஏறிடலாம். நீயும் கூட வா. டீச்சரம்மாவ பாத்த மாதிரி இருக்கும்" என்றார்.

டீச்சரம்மா என் மனைவி செல்வி. வெள்ளிமலை போகும் வழியில், மலைச் சரிவின் விளிம்பில் இருந்த விடுதிப் பள்ளியில் வேலை. திருமணமாகி ஐந்து மாதம். சனிக்கிழமைகளில் பாய் ஜீப்பில் இறங்குவாள், திங்கட்கிழமை அதே ஜீப்பில் ஏறுவாள். ஐந்து மாதத்தில் நாங்கள் சேர்ந்து இருந்த நாட்களை என் டைரியில் எண்ணினால் நாற்பத்தொன்று. பள்ளியில் போன் கிடையாது. துப்பாக்கிச் சூடு என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எங்கே, யார் என்று அவளுக்கு யார் சொல்வது?

சக்கரம்

ஜாக்கி போட்டு, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நல்ல ஆட்டம். கடைகளில் அந்த நம்பர் பேரிங் இல்லை. சேலத்திலிருந்து வரவேண்டும், பஸ் இல்லை. பாய் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்தார். வண்டியோடு ஏலத்தில் வந்த ஸ்பேர், மெழுகுத்தாள் சுற்றி நாற்பது வருடமாகப் பிரிக்காதது. பிரித்தால் நேற்றுச் செய்தது போல மின்னியது.

அது டேப்பர் பேரிங். உள்ளங்கையில் கிரீஸை வைத்து ரோலர்களின் இடுக்குகளிலெல்லாம் ஏற்றி, ஹப்பை, அதாவது சக்கரத்தின் நடுக்குடத்தை, மாட்டி, நட்டை இறுக்க வேண்டும். சக்கரம் சுற்ற மறுக்கும் வரை இறுக்கிவிட்டு, பிறகு கொஞ்சம் பின்னால் தளர்த்த வேண்டும். நட்டுக்கு ஆறு பக்கம், ஒவ்வொரு பக்கமும் ஒரு பட்டை. ஒரு பட்டை அளவுக்குத் தளர்த்தினால் போதும். சூடேறினால் இரும்பு விரியும், அதற்கு இடம் வேண்டும். இதை ஷெட்டில் 'ஒரு பட்டை விடணும்' என்பார்கள். வலது சக்கரத்தை வெள்ளிக்கிழமை மாலையே அப்படி முடித்தேன்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு இடது சக்கரத்தை மாட்டி முடித்தபோது பாய் வந்து டயரைப் பிடித்து ஆட்டினார்.

"இன்னாபா, புதுசு போட்டும் ஆடுது?"

"அவ்ளோதான் பாய். அது இருக்கணும்."

"மலைக்கிப் போற வண்டி. ஆட்டமே இருக்கக் கூடாது."

எனக்கு விவரம் தெரியும். பாய்க்கு விளக்கிச் சொல்லக் கால்மணி நேரம் ஆகும். பத்தரைக்குள் மலையில் இருக்க வேண்டும் என்று மனது பறந்தது. விட்ட பட்டையை மறுபடி இறுக்கி, நட்டு கழலாமல் லாக் வாஷரை மடக்கிவிட்டேன். பாய் ஆட்டிப் பார்த்தார். "இப்ப கரெக்டு" என்றார்.

மரம்

கச்சிராயபாளையத்துக்கு முன்னால் கரும்புத் தோட்டத்து வழியும் அடைபட்டிருந்தது. குறுக்கே கிடந்த மரத்தின் மேல் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். பச்சை ஜீப்பைக் கண்டதும் எழுந்தார்கள்.

"மிலிட்டரியே எறக்கிட்டானுங்களா?" என்றார் துண்டு கட்டியிருந்த ஒருவர்.

பாய் தலையை நீட்டினார். "சண்ட முடிஞ்சி நாப்பது வருசம் ஆவுதுப்பா. இப்ப இது புளி ஏத்திக்கினு கெடக்குது."

"உள்ள யாரு?"

"மெக்கானிக்கு. பொண்டாட்டிய பாக்கப் போறாரு."

"அத மொதல்ல சொல்றதில்ல? டேய், மரத்த ஒரு பக்கமா நவுத்துங்கடா. போராட்டம் நமக்கு, அவருக்கு இன்னாத்துக்கு?"

சிரித்துக்கொண்டே நகர்த்தினார்கள். கோமுகி அணையைத் தாண்டி மலையேறினோம்.

ஏழாவது வளைவு

ஏழாவது வளைவில் கிரீஸ் கருகும் வாடை. இறங்கி இடது ஹப்பில் தண்ணீர் தெளித்தேன். சுரீர் என்று ஆவியானது. ஆறவிட்டுப் பிரித்துப் பார்த்தால் ரோலர்கள் நீலம் பாய்ந்திருந்தன. உருகிய கிரீஸ் பிரேக் ஷூவில் இறங்கியிருந்தது. பட்டையைத் தளர்த்தி மாட்டினேன். இனி ஏற முடியாது. முதல் கியரில் சத்தமில்லாமல் ஊர்ந்து இறங்கலாம், அதுவும் வளைவுக்கு வளைவு ஒருவர் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்தால்.

பள்ளி இன்னும் ஐந்து மைல். நடந்தால் இரண்டு மணி நேரம்.

"நீ போபா. நா இங்கயே குந்திக்கினு இருக்கேன். யாராச்சும் வருவாங்க" என்றார் பாய்.

மறியல் வாரத்தில் யாரும் வரமாட்டார்கள் என்று இருவருக்கும் தெரியும். அவருக்கு அறுபது வயது. தப்பு என்னுடையது. நான் கல்லைத் தூக்கினேன். அரிசியோடு கீழே இறங்கினோம். பேரிங்கைப் பற்றி வழியெல்லாம் பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு மனது கொஞ்சம் ஆறியிருக்கும்.

மறியல் முடிந்த மறுநாள், வியாழக்கிழமை, நடந்தே மேலே போனேன். செல்வி பள்ளி வாசலில் நின்றாள். முதலில் என் கைகால்களைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"சனிக்கெழம பாய் ஜீப்பு சத்தம் கேட்டுது. ஒவ்வொரு வளைவா ஏறிக்கினே வந்துது. நீங்களும் அதுல வரீங்கன்னு மனசு சொல்லிச்சு, போயி தல வாரிக்கினு வந்து நின்னேன். அப்பறம் நின்னுபோச்சு. திரும்பக் கேக்கவே இல்ல. உருண்டுட்டீங்களா, அடிச்சிட்டாங்களான்னு தெரியல. அஞ்சு நாளா இதே எடத்துல நின்னு கேட்டுக்கினே இருக்கேன்."

நடந்ததைச் சொன்னேன்.

"அரிசி இல்லாம புள்ளைங்களுக்கு அஞ்சு நாளும் சாமைக் கஞ்சி. எல்லாம் ஒரு பட்டைக்கா?" என்றாள். கோபமாகத்தான் கேட்டாள். கேட்டுவிட்டு என் சட்டையில் முகத்தை வைத்து அழுதாள்.

பிற்பாடு வீட்டில் நான் எதையாவது பிடித்துக்கொண்டு விடாமல் நின்றால், "ஒரு பட்டை விடுங்க" என்பாள். முப்பத்தாறு வருடம் சொன்னாள்.

பேரிங் வேலை செய்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வண்டிக்காரர் டயரை ஆட்டிப் பார்த்து லூசு என்பார். சொல்லட்டும். கால்மணி நேரம் ஆனாலும் நின்று விளக்குங்கள். உங்களுக்கே எங்காவது போக அவசரம் இருக்கிற நாளில் இன்னும் நிதானமாக விளக்குங்கள். மேலே ஒருவர் தலை வாரிக்கொண்டு வந்து நின்றிருப்பார்.

செல்வி போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. ஏறிக்கொண்டே வந்த சத்தம் பாதியில் நின்றால் அந்த இடத்தைவிட்டு ஏன் நகர முடியாது என்று அன்று எனக்குப் புரியவில்லை. இப்போது புரிகிறது.