பந்து மின்னலும் என் மூஞ்சியும்

நான் கொஞ்சம் கூட்டிச் சொல்லுகிற ஆள். தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருப்பவன் கூட்டிச் சொல்லாமல் பிழைக்க முடியாது. ரெக்ஸினைக் காட்டி அசல் லெதர் மாதிரி என்று சொல்லிச் சொல்லி நாக்கு பழகிவிட்டது. வீட்டுக்கு வந்தாலும் அது சும்மா கிடப்பதில்லை. கணுக்கால் அளவு மழைத்தண்ணீரில் நடந்து வந்துவிட்டு இடுப்பளவு என்பேன். மனைவி கேட்டுக்கொண்டே அதை மனசுக்குள் கணுக்காலுக்கு இறக்கிவிடுவாள். இருபத்தாறு வருஷமாக எங்கள் குடித்தனம் இப்படித்தான் நடக்கிறது. அதனால், கூட்டவே தேவையில்லாத ஒரு சமாச்சாரம் ஆயுசில் ஒரே ஒரு தடவை எனக்கு நடந்தபோது, அதை அவள் நம்பவேண்டுமே என்று நான் பட்ட தவிப்பு கொஞ்சநஞ்சமல்ல.

மழைக்காலம் முடிந்துவிட்டது என்று செய்தியில் சொன்ன மறுநாள் சாயங்காலம். அப்படிச் சொன்னால் போதும், பம்பாயில் உடனே கொட்டும். மனைவி கோவண்டியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள், மகள் ஆபீசில். செம்பூரில் எங்கள் நாலாவது மாடி வீட்டில் நான் மட்டும் டீக்குப் பால் வைத்துக்கொண்டு நின்றேன். கட்டிடமே குலுங்குகிற மாதிரி ஓர் இடி. கரண்ட் போனது. அப்போது ஜன்னல் கம்பி வழியாக அது உள்ளே வந்தது.

சாத்துக்குடி அளவு உருண்டை. வெளுத்த மஞ்சள், ஓரத்தில் நீலம். காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்த மாதிரி மெல்லிய சத்தம். வாடகைக்கு வீடு பார்க்க வந்தவர் போல நிதானமாக அடுப்புக்கு மேலே நின்றது, பாத்திர அலமாரியைப் பார்த்தது, ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பியது. சூடே இல்லை. நான் பயப்படக்கூட மறந்துபோனேன். கை மட்டும் எதையும் மறக்கவில்லை. தானாகப் போய் போனை எடுத்து வீடியோவை அமுக்கியது. இந்தக் காலத்து மனுஷனுக்கு மூச்சு நின்றாலும் விரல் வேலை செய்யும். ஃபிரிட்ஜ் முன்னால் 'டப்' என்று ஒரு சத்தம், கந்தக வாடை, அவ்வளவுதான். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

உடனே சொசைட்டி வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்: எத்தனையோ பேர் ஆயுசு முழுக்கப் பார்க்காத பந்து மின்னல் நம் பில்டிங்குக்கு வந்துவிட்டுப் போனது என்று. முதல் பதில் கீழ்வீட்டுக்காரருடையது: தண்ணீர் மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டிருந்தார். செகரட்டரி, யார் வந்தாலும் வாசல் ரிஜிஸ்டரில் எழுதிவிட்டுத்தான் மேலே வரவேண்டும் என்று ஞாபகப்படுத்தினார். இன்னொருவர் அது டிரோன் என்றார். வாஸ்து தெரிந்த ஒருவர் ஃபிரிட்ஜை இடம் மாற்றச் சொன்னார். ஒருவர் கை கூப்புகிற படம் போட்டார். சாவுச் செய்திக்கும் அவர் அதையேதான் போடுவார். கடைசியில் எல்லோரும் வீடியோ எங்கே என்றார்கள். இதோ என்று கம்பீரமாக எழுதி, நானே ஒரு தடவை பார்க்காமல் அனுப்பிவைத்தேன். என் முட்டாள்தனத்தை என்னவென்று சொல்ல.

அன்று காலையில் தலைக்கு டை அடித்திருந்தேன். காதோரம் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று போனில் என்னையே படமெடுத்துப் பார்த்ததில், கேமரா என் பக்கம் திரும்பியே இருந்திருக்கிறது. பதினோரு விநாடி வீடியோ. மின்னல் ஓர் ஓரத்தில்கூட இல்லை. முழுக்க என் மூஞ்சி. வாய் பிளந்து, கண் விரிந்து, கன்னத்தில் ஒரு நீல வெளிச்சம் ஊர்ந்து போகிறது. குழு சிரித்து உருண்டது.

மகள் ஆபீசிலிருந்து போன் செய்தாள். "வாப்பா, கேமரா உல்டா இருந்திச்சு. உங்க மூஞ்சிய ஸ்டிக்கர் ஆக்கிட்டாங்க. நான் வர்ற வரைக்கும் வேற எதுவும் போடாதீங்க, ப்ளீஸ்."

"நெசமாவே வந்திச்சும்மா."

"ஹாங் வாப்பா, ஹாங்," என்று ஹிந்தியில் ஆமாம் போட்டாள். டாக்டர்கள் நோயாளியிடம் பேசுகிற குரல்.

ஏழு மணிக்கு மனைவி நனைந்துகொண்டு வந்தாள். முதலில் அடுப்பைத்தான் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். சாத்துக்குடியைச் சாத்துக்குடி என்றே சொன்னேன், பூசணிக்காய் ஆக்கவில்லை. அதுதான் தப்பாகப் போயிற்று. நான் அடக்கமாகப் பேசியதைக் கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் பலமாகிவிட்டது.

"பால வச்சிட்டுத் தூங்கிட்டீங்க. அத மட்டும் சொல்லுங்க, போதும்."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் பொய்களைக்கூட அரைகுறையாகவாவது ஏற்றுக்கொண்டவள், மெய்யை இப்படித் தள்ளுகிறாளே. கோபத்தில் போனை அவள் கையில் திணித்தேன். பில்டிங்கே சிரித்தாயிற்று, நீயும் சிரி என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. பதினோரு விநாடியும் பார்த்தாள். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தாள்.

"நெசந்தான். என்னமோ வந்திருக்கு," என்றாள்.

நான் நாற்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தேன். "எத வச்சு நம்புத?"

போனைக் கவிழ்த்து வைத்தாள். "இத்தன வருசத்துல நீங்க எதையும் இப்படிப் பாத்து நான் பாக்கல. நிக்காஹ் முடிஞ்சு மொத மொத என் முகத்தக் காட்டுனப்போ, நீங்க வாட்ச்சுல மணி பாத்திய."

மணி பார்த்தது வாஸ்தவம்தான். மண்டபத்தை ஒரு மணிக்குள் காலி செய்யவேண்டியிருந்தது என்று சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டு, அடுப்பைத் துடைக்கத் துணியை எடுத்தேன்.