எடு ஒரு நூல், விடு ஒரு நூல்

படங்களுக்குச் சட்டம் போடும் பிரேம் கடைக்காரருக்கு வேலை செய்யும்போது வாய் சும்மா இருக்காது. சட்டத்தின் மூலையை இழைத்துப் பொருத்துகையில், "எடு ஒரு நூல், விடு ஒரு நூல்" என்று முனகியபடியே சுத்தியலால் தட்டுவார். நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கண்ணாடி அறுப்பது அவர் மனைவி.

"உங்க வாய்க்கு முதல்ல ஒரு சட்டம் போடணும்" என்பாள்.

"அளவு எடுத்துட்டு வா, போட்டுடலாம்" என்பார்.

மாரடைப்பில் அவர் போனபின், வைரமுனை கண்ணாடியைக் கீறும் சத்தம் மட்டும் கடையில் மிஞ்சியது.

ஒருநாள் முற்பகலில், மாடியிலிருந்த உடற்பயிற்சிக் கூடம் டம் டம் என்று அதிர்ந்தது. அந்த இடிக்கு நடுவே அவர் குரல்: "எடு ஒரு நூல், விடு ஒரு நூல்." அவள் கையிலிருந்த கண்ணாடி கோணலாக உடைந்தது.

மகளைப் போனில் கூப்பிட்டாள். "மாடியில ஓடுற பாட்டுல அப்பா குரல் வருது. யாருடி இதைப் போட்டது?"

"நம்ம ஆர்ட்டிஸ்ட் சார்தாம்மா. படம் வரையிறது போதாதுன்னு இப்ப டான்ஸ் பாட்டும் போடறாரு. எல்லாரும் ஆடறாங்க. உனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் கடையைப் பூட்டிவிட்டு ஆர்ட்டிஸ்ட் வீட்டுக்கு நடந்தாள். ஆர்ட்டிஸ்டின் படங்களுக்கெல்லாம் இந்தக் கடையில்தான் சட்டம் போட்டது. கையில் போனோடு முக்காலியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பார். எதற்கென்று இப்போதுதான் புரிந்தது.

"வாங்கக்கா" என்றார் ஆர்ட்டிஸ்ட். "அது அண்ணனுக்கு நான் செஞ்ச அஞ்சலி. சட்டப்படியும் எல்லாம் சரிதான்."

"அஞ்சலிக்கு எவனாவது இடுப்பை ஆட்டுவானா?"

அவள் கையை நீட்டினாள். "பாட்டு எக்கேடும் கெடட்டும். அன்னிக்குப் பதிஞ்சதை முழுசாக் குடுங்க. அவர் குரல் என்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

ஆர்ட்டிஸ்ட் பின்கழுத்தைச் சொறிந்தார். "முழுசா இல்லக்கா. வேண்டாத சத்தத்தையெல்லாம் அழிச்சிட்டேன்."

"என்ன சத்தம்?"

"குறுக்கே நீங்க, 'சாப்பாடு ஆறுது, வாங்க'ன்னீங்க. அவரு 'இதோ வந்துட்டேன்'னாரு. தாளம் கெட்டுப்போச்சு. அதான்..."

அவள் சுவரில் மாட்டியிருந்த பெரிய படத்தைக் கழற்றி மேசையில் குப்புறப் போட்டாள். அங்கே கிடந்த ஆணி பிடுங்கும் குறடு ஒன்றை எடுத்து, பின்பக்கத்து ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள்.

"அக்கா! என்ன பண்றீங்க?"

"படம் உங்களுது. சட்டம் எங்களுது. வேண்டாததை அழிக்கத் தெரிஞ்ச உங்களுக்கு இது எதுக்கு?"

வெறும் சட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவோடு நடந்தாள். எதிரே வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். கடை வாசலில் அது இடித்தது. சாய்த்துத் திருப்பி உள்ளே நுழைத்தாள். மேலே மறுபடியும் அதே பாட்டு.

சாப்பாட்டு வேளை. அவள் மாடியை அண்ணாந்து பார்த்து, தொண்டை கிழியக் கத்தினாள்:

"சாப்பாடு ஆறுது, வாங்க!"

தாளம் கெடட்டும்.