கூர் மழுங்கிய முக்கோணம்

2013 ஜூலை 30 கடைசி நாள். அதற்குள் ஆய்வை ஒப்படைக்காவிட்டால் குளச்சல் அஜிதாவின் எம்.இ. பட்டம் ஓராண்டு தள்ளிப்போகும்.

ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த இரண்டு அலுமினியத் தகடுகளில் சுழலும் எஃகு முனையை அழுத்தினால், தகடுகள் உருகாமலே குழைந்து ஒட்டிக்கொள்ளும். உருளை முனையைவிட முக்கோண முனை நன்றாகக் கிளறும், அதனால் ஒட்டு உறுதியாக இருக்கும் என்பது அவள் கணிப்பு. இரண்டு முனைகளாலும் ஒட்டி இழுத்துப் பார்த்தபோது இரண்டு ஒட்டுகளும் ஒரே விசையில் பிய்ந்தன. எரிச்சலோடு முக்கோண முனையைத் தடவினாள். மூன்று மூலைகளும் மழுங்கிக் கிடந்தன.

முனையைச் செய்து கொடுத்த கோட்டாறு லேத் பட்டறைக்கு அப்படியே பஸ் ஏறினாள்.

"காக்கா, மூலையில அரம் போட்டியளா?"

"பின்ன? கூரா குடுத்தா கை கீறாதா மோளே? எனக்க பட்டறையில இருந்து அப்படி ஒரு சாமானும் வெளிய போவாது," என்றார் உரிமையாளர் கமருதீன் பெருமையாக.

"கையில பிடிக்கவா கேட்டேன்? அலுமினியத்தைக் கிளறணும்! மூலை இல்லேன்னா இதுவும் உருளைதானே?"

கமருதீன் தலையாட்டிவிட்டுப் புதிதாக ஒன்று செய்தார். மூலைகள் கூராகவே வந்தன. அஜிதா நிம்மதியாகத் தண்ணீர் குடிக்கத் திரும்பினாள். முதுகுக்குப் பின்னால் கரகரவென்று சத்தம் கேட்டது.

"காக்கா!"

"அய்யோ, கை பழகிப்போச்சு மோளே!"

மூன்றாவது முனையை நாளைக் காலையில் செய்வார். அது அவள் கைக்கு வரும்வரை பட்டறையின் அரம் அஜிதாவின் பையில் இருக்கும்.