எஸ்தர் அழித்த கல்யாணம்

பள்ளிக்கரணையில் ஒரு கல்யாண மண்டபத்தில், தாலி கட்டுவதைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. நின்று, மறுபடியும் அதிர்ந்தது. கெட்டிமேளம் ஓய்ந்து, அட்சதை எல்லாம் விழுந்து முடிந்த பிறகுதான் மேடையைவிட்டு இறங்கிப் பார்த்தேன். ஜேக்கப் அண்ணன், எங்கள் ஸ்டுடியோ எஸ்தரின் கணவர். அவராக எனக்குப் போன் செய்ததே இல்லை.

“முரளி, எஸ்தர் போயிட்டா” என்றார். “காலைல எழுப்பப் போனேன். எழுந்திருக்கல.”

பின்னாலிருந்த நாதஸ்வரச் சத்தம் அவருக்கும் கேட்டிருக்க வேண்டும். “கல்யாணத்துலயா இருக்க? முடிச்சிட்டு வா. பாதில விட்டுட்டு வந்தேன்னா அவ என்னைத்தான் திட்டுவா.”

அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சொன்னது அவ்வளவு உண்மை. சாப்பாட்டுப் பந்திவரை எடுத்து முடித்துவிட்டுத்தான் வண்டலூரில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எஸ்தர் தூங்குவது போலத்தான் இருந்தார். முந்தைய சனிக்கிழமைவரை கடைக்கு வந்தவர். நோய் என்று படுக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை. இப்போது யோசித்தால் அது ஒரு நிம்மதி.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களுக்குப் படம் எடுத்த என் முகம் மறந்திருக்கலாம். கவுண்டருக்குப் பின்னால் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “உட்காருங்க, மொதல்ல தண்ணி குடிங்க” என்று சொன்னவரை மறந்திருக்க மாட்டீர்கள்.

அவர் எங்கள் கடைக்கு முதலில் வந்தது சண்டை போட. அவருடைய தங்கை கல்யாணத்தை நான்தான் எடுத்திருந்தேன். ஆல்பம் மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே போயிற்று. அப்போதெல்லாம் படம் எடுப்பது, தேர்ந்தெடுப்பது, நிறம் சரிசெய்வது, ஆல்பம் வடிவமைப்பது எல்லாமே நான் ஒருவன்தான். யார் கேட்டாலும் “அடுத்த வாரம்” என்பேன். எஸ்தர் வந்தபோது நான் உள்ளே கம்ப்யூட்டரில் இருந்தேன். வெளியே கடைப் போன் விடாமல் அடித்தது. நான் எடுக்கவில்லை. திடீரென்று சத்தம் நின்றது.

“ஹலோ, சொல்லுங்க. இல்லைங்க, அவரு உள்ளதான் இருக்காரு. எடுக்க மாட்டேங்கறாரு. உங்களுக்கும் அடுத்த வாரம்தான் சொல்லியிருக்காரா? சரி, நம்பர் சொல்லுங்க, நான் கேட்டுச் சொல்றேன்.”

நான் வெளியே வருவதற்குள் இன்னொருவருக்கும் பதில் சொல்லியிருந்தார். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் பல வருடம் வேலை பார்த்து, அப்போதுதான் விட்டிருந்தார் என்பது பேச்சுவாக்கில் தெரிந்தது. தங்கையின் ஆல்பத்துக்கு வந்தவர், அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்தார். நான் அவரை வேலைக்கு எடுத்தேனா, அவர் என்னை எடுத்தாரா என்பதில் எங்கள் இருவருக்கும் கடைசிவரை கருத்து வேறுபாடு இருந்தது.

வந்ததும் முதல் வேலையாக “அடுத்த வாரம்” என்ற வார்த்தையைக் கடையில் தடை செய்தார். வடிவமைப்பை வெளியே கொடுக்கச் சொன்னார். ஒரு ஆல்பம் முடியாமல் அடுத்ததைத் தொடவிடமாட்டார். தாமதமாகும் என்று தெரிந்த அன்றே வாடிக்கையாளரைக் கூப்பிட்டுவிடுவார். “அவங்க போன் பண்றதுக்கு முன்னாடி நாம பண்ணிட்டா அது மரியாதை, முரளி சார். அவங்க பண்ணதுக்கு அப்புறம் நாம என்ன சொன்னாலும் அது சாக்கு” என்பார். இரண்டு வருடத்துக்குள், மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிற புகைப்படக்காரன் ஆனேன் நான்.

கோவளம் பக்கத்திலிருந்து மீன் கொண்டுவந்து தாம்பரம் மார்க்கெட்டில் விற்கிற ஒரு அம்மாவின் பேத்திக்குக் காதுகுத்து எடுத்திருந்தோம். அந்த அம்மா வியாபாரம் முடிந்து கிளம்புகிற நேரத்தில் எங்கள் கடை திறந்திருக்காது. ஒருநாள் மீன் வாங்கப் போன எஸ்தரைப் பார்த்து, “இன்னாமா, படம் ரெடியாக்கீதா இல்லியா? நானும் வர்லாம்னுதான் பாக்குறேன், கூடையை வுட்டுட்டு எங்க வர்றது?” என்று கேட்டாராம். மறுநாள் எஸ்தர் ஆல்பத்தையே மார்க்கெட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். மீன் கைபட்டு ஈரமாகக் கூடாது என்று, ஒவ்வொரு பக்கத்தையும் தானே புரட்டிக் காட்டியிருக்கிறார். சுற்றியிருந்த கடைக்காரர்கள் எல்லாம் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். அந்த வருடம் மார்க்கெட்டிலிருந்து எங்களுக்கு வந்த விசேஷங்கள் கொஞ்சநஞ்சமல்ல.

பேக்கப் விஷயத்தில் மட்டும் அவர் கொஞ்சம் பேஜாரான ஆள்தான். எடுத்த படங்கள் கடையில் ஒன்று, இணையத்தில் ஒன்று, வண்டலூரில் அவர் வீட்டு பீரோவில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருக்கவேண்டும். அதுவரை கேமரா கார்டிலிருந்து படங்களை அழிக்கவிடமாட்டார். சாப்பாட்டுப் பையில் ஹார்ட் டிஸ்க்கை வைத்து மின்சார ரயிலில் கொண்டுபோவார். சனிக்கிழமைகளில் ஏதோ ஒரு பழைய கல்யாணத்தை எடுத்து, படங்கள் சரியாகத் திறக்கின்றனவா என்று பார்ப்பார். “தெறந்து பாக்காத காப்பியை நம்பக்கூடாது” என்பார். படங்கள் காப்பி ஆகிற நேரத்தில் சுருதியில்லாமல் ஞானப்பாட்டு பாடுவார். அதை மட்டும் என்னால் மாற்ற முடியவில்லை.

ஒரு பொங்கல் விடுமுறையில் மாடியிலிருந்த டியூஷன் சென்டரில் குழாயை மூடாமல் போய்விட்டார்கள். நாங்கள் கடையைத் திறந்தபோது கூரை வழியாக ஒழுகி, கம்ப்யூட்டர், டிஸ்க் எல்லாம் குளித்துவிட்டிருந்தன. நான் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டேன். எஸ்தர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு துடைக்க ஆரம்பித்தார். சாயங்காலத்துக்குள், வேலை நிலுவையிலிருந்த எல்லாக் குடும்பங்களுக்கும் போன் செய்து நடந்ததைச் சொன்னார்.

“உங்க வீட்டு பீரோல எல்லாம் இருக்கே. ஒண்ணும்தான் போகலையே, எதுக்குச் சொல்லணும்?” என்றேன்.

“நாளைக்கு வேற யாராவது சொல்லிக் கேட்டா பயந்துடுவாங்க. நாம சொன்னா பயப்பட மாட்டாங்க.”

ஆனால் எஸ்தர் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது, அவர் காப்பாற்றிய படங்கள் அல்ல. அவர் அழித்த ஒரு கல்யாணம்.

நித்யா என்று இங்கே பெயர் வைத்துக்கொள்கிறேன். அவளுடைய அப்பா திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். அவள் கல்யாணத்தை நாங்கள்தான் எடுத்தோம். சில வருடம் கழித்து ஒரு மதியம் தனியாக வந்தாள். விவாகரத்து ஆகிவிட்டதாம். “வீட்ல இருந்த ஆல்பத்தைக் கிழிச்சுப் போட்டுட்டேன். உங்ககிட்ட இருக்கிற படம் எல்லாத்தையும் அழிச்சிடுங்க. எங்கயும் இருக்கக்கூடாது” என்றாள்.

நானாக இருந்தால், சரிம்மா, செய்துவிடுகிறோம் என்று அனுப்பியிருப்பேன். எஸ்தர் அவளை உட்காரவைத்தார். “மூணு இடத்துல இருக்கும்மா. இங்க இருக்கிறதையும் ஆன்லைன்ல இருக்கிறதையும் இப்பவே உன் கண் முன்னாடி அழிக்கலாம். என் வீட்ல இருக்கிறதை நாளைக்குக் கொண்டு வரேன், நீயும் வா” என்றார். பிறகு ஒரே ஒரு தடவை கேட்டார்: “அப்பா அம்மா படம் மட்டும் பாத்துட்டு எடுத்துக்கறியா?”

“வேணாம் ஆன்ட்டி. அந்த மண்டபத்துல எடுத்தது எதுவும் வேணாம்.”

அவள் போன பிறகு நான் எஸ்தரிடம் சொன்னேன், ஒரு காப்பியை ஓரமாக வைத்திருப்போம், நாளைக்கு மனசு மாறினால் கொடுக்கலாம் என்று. எஸ்தருக்குக் கோபம் வந்துவிட்டது. “அழிக்கச் சொல்லித்தான் கேட்டா. ஒளிச்சு வைக்கச் சொல்லிக் கேக்கல. நாம வச்சிருக்கோம்னு தெரிஞ்சா அவ எப்படி நிம்மதியா இருப்பா?” மறுநாள் சொன்னபடியே செய்தார்.

கொஞ்ச காலம் கழித்து நித்யாவின் அப்பா இறந்துபோனார். காரியங்கள் முடிந்து அவளும் அவள் அம்மாவும் கடைக்கு வந்தார்கள். வீட்டில் மாட்ட நல்ல படம் இல்லை. கேமராவைக் கண்டாலே முகத்தை இறுக்கிக்கொள்கிற மனிதர். அவர் சிரிக்கிற படம் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அந்தக் கல்யாணத்தில்.

“ஆன்ட்டி, எப்படியும் ஒரு காப்பி வச்சிருப்பீங்கல்ல? ஸ்டுடியோக்காரங்க எல்லாரும் வச்சிருப்பாங்கன்னு சொன்னாங்க.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. எஸ்தர் பார்த்தார். “இல்லம்மா. நீ சொன்ன மாதிரி எல்லாத்தையும் அழிச்சிட்டேன்.”

நித்யா அழவில்லை. தலையை ஆட்டினாள். எழுந்திருக்கப் போனாள். எஸ்தர் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு அவள் அம்மாவிடம் கேட்டார்: “சார் யார் யார் வீட்டு விசேஷத்துக்கெல்லாம் போவாரு?”

“அவரு எங்க போனாரு? பட்டறை, பட்டறை விட்டா வீடு. பக்கத்துப் பட்டறைக்காரங்க கல்யாணம்னா மட்டும் போவாரு.”

திருமுடிவாக்கத்துப் பட்டறைக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்கள் பலவற்றை நாங்கள் எடுத்திருந்தோம். எஸ்தர் அன்றிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்தார். மேடையில் நின்றவர்கள், நாற்காலியில் உட்கார்ந்தவர்கள், வாசலில் செருப்புத் தேடியவர்கள் என்று ஒரு முகம் விடாமல் பார்த்தார். கடை வேலை எதுவும் நிற்கவில்லை. சாப்பிடுகிற நேரத்தில், படங்கள் காப்பி ஆகிற நேரத்தில் பார்த்தார். ஒருநாள் பாட்டு நின்றது. “முரளி சார், இங்க வாங்க” என்றார்.

பந்தி. நித்யாவின் அப்பா முழுக்கைச் சட்டையை முழங்கைவரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். பரிமாறுகிறவரிடம் பக்கத்து இலையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டே வாய்கொள்ளாமல் சிரிக்கிறார். கேமரா இருப்பதே அவருக்குத் தெரியவில்லை.

அடுத்து எஸ்தர் செய்தது, அந்தக் கல்யாண வீட்டுக்காரருக்குப் போன். அவரும் பட்டறைக்காரர்தான், நித்யாவின் அப்பாவுக்குச் சிநேகிதர். “இதுக்கெல்லாமா கேப்பீங்க? எடுத்துக் கொடுங்கம்மா” என்றார். “கேக்காம கொடுத்தா, நாளைக்கு உங்க வீட்டுப் படத்தையும் யாருக்காவது கொடுத்துடுவேன்னு நீங்க நினைப்பீங்க சார்” என்றார் எஸ்தர். படத்தில் இருப்பதையும் விவரித்தார். அந்த மனிதர், “பக்கத்து இலை என்னோடதுதான். எனக்கு இன்னொரு தடவை ஊத்தச் சொல்லிக்கிட்டிருந்தான்” என்றார்.

தாயும் மகளும் அந்தப் படத்தைப் பார்க்க வந்தார்கள். அம்மா படத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இந்தச் சட்டை நான் எடுத்துக் கொடுத்தது” என்றார். அப்புறம் இன்னும் உற்றுப் பார்த்துவிட்டு, “இது என்ன, இலைல பாயசமா? சுகர் இருக்கு, தொடவே மாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணியிருந்தாரு!” என்றார். கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்தார். நித்யாவும் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவள் அப்படியே அவள் அப்பா.

அவர்கள் போன பிறகு எஸ்தரிடம் கேட்டேன், அன்றைக்கு அழித்ததற்கு வருத்தமாக இல்லையா என்று. “வருத்தம் இருக்கு. தப்புன்னு தோணல. ரெண்டும் வேற வேற” என்றார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

எஸ்தரின் அடக்கம் முடிந்து கடையைத் திறந்த அன்று, சேலையூரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மனைவி காலமாகிவிட்டாராம். எஸ்தர் வருவதற்கு வெகு காலம் முன்னால் எங்களிடம் எடுத்த மனைவியின் படத்துக்கு இன்னொரு பிரதி கேட்டார். தேடிப் பார்த்துச் சொல்கிறேன், அடுத்த வாரம் வாருங்கள் என்று சொல்வது எளிது. தேட ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும். அவர் முகத்தைப் பார்த்து, “இல்லைங்க. அந்த வருஷத்துப் படம் எதுவுமே எங்கிட்ட இல்ல” என்றேன்.

எஸ்தரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இல்லை என்பதை இல்லை என்றே சொல்வது, சொன்ன பிறகும் கேட்டவருடனேயே இருப்பது. பெரியவர் எழுந்திருக்கப் போனார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“அம்மா யார் வீட்டுக்கெல்லாம் போவாங்க?” என்று கேட்டேன்.

பெரியவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் மலர்ந்து, “அவளா? அவ போகாத வீடு ஏது!” என்று சொல்ல ஆரம்பித்தார்.